முறுக்கு முந்தட்டும், இழுப்புப் பிந்தட்டும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கையால் நூல் நூற்பது பற்றி இப்பகுதியில் நாலு வரி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளிக்கிழமைகளில் அம்மம்மா தொடையில் பஞ்சை வைத்து உருட்டி விளக்குத் திரி திரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். இப்போது நூல் நூற்கப் பழகலாம் என்று ஆசை. இந்தியாவிலிருந்து இராட்டை ஒன்று தருவிப்பதா, வேறு வழி உண்டா?
— வாசகி, கரவெட்டி

பதில்: இராட்டையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் அம்மா. நூற்பதில் மூன்று வேலைகள் இருக்கின்றன: பஞ்சை மெல்லியதாக இழுப்பது, இழுத்ததை முறுக்குவது, முறுக்கியதைச் சுற்றி வைப்பது. வீட்டில் ஒற்றை நூலாக நூற்கும் இராட்டை பின்னைய இரண்டையும் விரைவாக்கித் தருமே ஒழிய, முதல் வேலையைக் கைதான் செய்ய வேண்டும். இழுக்கப் பழகாத கையோடு இராட்டையின் முன் உட்காருபவர், சக்கரத்தைச் சுற்றும் கையைக் கவனிப்பதா பஞ்சு பிடித்த கையைக் கவனிப்பதா என்று தடுமாறி, ஒரு வாரத்தில் அதை அலுமாரியின் மேல் ஏற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறோம்.

நீங்கள் பார்த்து வளர்ந்த திரிதான் சரியான தொடக்கம். திரியில் முறுக்கு மட்டும் இருக்கிறது. பஞ்சு இருந்த நீளத்திலேயே உருட்டப்படுகிறது. அந்த முறுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே பஞ்சைச் சற்றுச் சற்றாக இழுத்து நீட்டினால் அதுவே நூல். பஞ்சைச் சிறு கற்றையாக இடக்கையில் பிடித்து, வலக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அதன் நுனியைத் திரித்துக்கொண்டே மெல்ல விலக்கிப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்கு நூல் வந்துவிடும். விட்டவுடன் பிரிந்தும் போய்விடும். அந்த முறுக்கைக் காப்பாற்றி வைப்பதற்காக மனிதன் கண்டுபிடித்த கருவிதான் கதிர். தக்ளி, தக்களி என்பனவும் அதன் குடும்பப் பெயர்களே. கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் தக்களிகளும், இன்று நீங்கள் வீட்டில் செய்யக்கூடிய ஒன்றும் வேலை செய்யும் விதத்தில் வேறுபட்டவை அல்ல.

செய்வதற்குப் பழைய சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்று போதும். வளைந்த தலைப்பக்கம் துண்டிலேயே இருக்கும்படி 18 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, வெட்டிய நுனியை அரத்தால் கூராக்குங்கள். தலைப்பக்கத்து வளைவைக் குறட்டால் இன்னும் சற்று மடித்தால் நூல் மாட்டும் கொக்கி ஆகிவிடும். சிரட்டையில் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் துளையிட்டு, கூர் நுனியிலிருந்து இரண்டு விரல் மேலே இறுக்கமாகச் செருகுங்கள். துளை நடுவிலிருந்து விலகினால் கதிர் தள்ளாடும். அதில் மட்டும் பொறுமையாக இருங்கள். பாரம் போதாது என்று தோன்றினால் வட்டத்தின் கீழ் ஒரு வாஷரைச் சேர்க்கலாம். கூர் நுனி நின்று சுழல்வதற்கு இன்னொரு சிரட்டையின் உட்குழிவு இருக்கிறது.

காந்தியடிகள் 1927 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணம் வந்தது கதர் நிதி திரட்டும் பயணத்தில் என்பதால், நூற்பு என்றதும் இராட்டையே நம் கண்முன் வருவது இயல்புதான். கை பழகிய பிறகு இராட்டைக்குப் போங்கள். அப்போதும் தனித்தனி நூலாக நூற்கும் பெட்டி இராட்டையையே தேடுங்கள். தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கி, அவர் பெயரின் ஒரு துண்டாலேயே அழைக்கப்படும் அம்பர் இராட்டை ஒரே நேரத்தில் பல கதிர்களில் நூற்பது. அது தொழிற்கூடத்துக்கு உரியது, திண்ணைக்கு உரியதன்று.

கேள்வி: தக்ளி செய்து ஒரு மாதமாக முயல்கிறேன். ஒரு முழம் வருவதற்குள் அறுந்துவிடுகிறது. அறாத இடங்களில் ஓரிடம் மயிரிழையாகவும் அடுத்த இடம் புழுவைப் போலவும் இருக்கிறது. என் கையில் பிழையா, பஞ்சில் பிழையா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டிலும் இருக்கலாம். முதலில் பஞ்சைப் பார்ப்போம், ஏனெனில் பிழையான பஞ்சோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய அனுபவம் இந்தப் பதிலை எழுதுபவருக்கே உண்டு. மெத்தைக்குப் பஞ்சு விற்கும் கடை ஒன்றில் “நல்ல பருத்தி” என்று நிறுத்துத் தந்ததை நம்பி வாங்கி, இழுக்க இழுக்க வழுக்கிக்கொண்டே போனதால் தம் விரல்களையே நொந்துகொண்டிருந்தார். கடைசியில் ஒரு சிட்டிகையைக் குறட்டில் பிடித்து நெருப்பில் காட்டியபோது அது எரிவதற்குப் பதிலாக உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகியது. பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலை விடும். மருந்துக்கடைப் பஞ்சும் உதவாது: அது பருத்திதான் என்றாலும், நீரை உறிஞ்சுவதற்காக மெழுகுப்பசை நீக்கி வெளுக்கப்பட்டது, இழைகள் குட்டையாகவும் சிக்குண்டும் கிடக்கும். திரிக்கு அது போதும், நூலுக்குப் போதாது.

இனிக் கைக்கு வருவோம். அறுந்த முனையைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது காரணத்தைச் சொல்லிவிடும். முனை மெலிந்து, இறகின் நுனி போலப் பிசிறிக்கொண்டு முடிந்திருந்தால் நூல் அறவில்லை, இழைகள் ஒன்றை ஒன்று விட்டு விலகியிருக்கின்றன. முறுக்குப் போதாமல் நீங்கள் இழுத்துவிட்டீர்கள் என்பது பொருள். முனை சட்டென்று முறிந்து, சுருண்டு பின்வாங்கியிருந்தால் முறுக்கு மிஞ்சிவிட்டது. புதிதாகப் பழகுபவர்களுக்குப் பத்தில் ஒன்பது தடவை நடப்பது முதலாவதுதான்.

பருத்தியின் தனி இழை நீளமானது அல்ல. நாட்டுப் பருத்தி இரண்டு சென்ரிமீற்றர் அளவிலும், இன்று பெரும்பாலும் விளையும் அமெரிக்க வகை இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் வரையிலும் இருக்கும். இவ்வளவு குட்டை இழைகளைச் சேர்த்துப் பிடிப்பது முறுக்கினால் உண்டாகும் உராய்வு ஒன்றே. ஆகவே முறுக்கு முந்த வேண்டும், இழுப்புப் பிந்த வேண்டும். கதிரை அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுழற்றும் முறை நீண்ட கம்பளி இழைக்குப் பொருந்தும்; பருத்தியில் தொடக்கக்காரர் அதைச் செய்தால், முறுக்கு ஏறும் முன்னரே கதிரின் பாரம் நூலைப் பிரித்துவிடும். உங்கள் கதிர் சிரட்டையில் நின்றுதான் சுழல வேண்டும்.

செய்முறையை ஒருமுறை நிதானமாகச் சொல்கிறோம். கதிரில் ஒரு முழம் பழைய நூலைக் கட்டிக் கொக்கியில் மாட்டுங்கள். அதன் நுனியைப் பிசிறாக்கிப் பஞ்சுப்பட்டையின் (வாரிய பஞ்சை விரல் நீளத்துக்குச் சுருட்டியது) வாயில் மூன்று விரல் அகலத்துக்குப் படிய வைத்து, கதிரை வலஞ்சுழியாக ஒரு சொடுக்குச் சொடுக்குங்கள். முறுக்கு நூல் வழியே மேலேறிப் பட்டையின் வாயைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும். தொட்ட கணத்தில் இடக்கையை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். கை பஞ்சைப் பிய்க்கக் கூடாது. முறுக்குத்தான் பஞ்சைப் பட்டையிலிருந்து கவ்வி எடுக்கிறது, கை அதற்கு வழிவிட்டுப் போகிறது. பட்டையைப் பிடிக்கும் அழுத்தம் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் விரலின் அழுத்தம் அளவே இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் இழைகள் நகரமாட்டா. தளர விட்டால் முறுக்குப் பட்டைக்குள் ஓடி முழுவதையும் கயிறாக்கிவிடும்.

மயிரிழையும் புழுவும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்திலேயே முதலில் போய்ச் சேரும்; தடித்த இடம் முறுக்கு ஏறாமல் மெத்தென்று இருக்கும். இதை உங்களுக்குச் சாதகமாக்கலாம். தடிப்பு வந்ததும் நிறுத்தாமல், அதற்கு இருபுறமும் முறுக்கு ஏறியிருக்கும் நிலையில் நூலைச் சற்று இழுத்துப் பிடித்தால், முறுக்கு ஏறிய இடங்கள் அசையாமல் நிற்க, தடித்த இடம் மட்டும் நீண்டு மெலியும். கை நீளும் தூரம் வந்ததும் உடனே சுற்றிவிடாமல், இன்னும் ஒரு சொடுக்கு முறுக்குக் கொடுத்துச் சமப்படுத்திய பின்னரே கொக்கியிலிருந்து எடுத்துக் கதிரில் சுற்றுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிச் சொடுக்கைத்தான்.

அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள். முதலில் செய்தது போலவே முனையைப் பிசிறாக்கிப் பட்டையில் படிய வைத்து முறுக்கினால் தானாக ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஒன்று: சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் உட்கார்ந்து நூற்காதீர்கள், மின்விசிறியின் கீழும் வேண்டாம். உலர்ந்த காற்றில் பருத்தி முறுகிப் பிசிறும். ஈரப்பதம் உள்ள காலையில் அதே பஞ்சு சொன்னபடி கேட்கும். ஆலைகளில் காற்றை ஈரமாக வைத்திருப்பதும் இதற்காகவே.

கேள்வி: எங்கள் வளவில் இலவமரம் இருக்கிறது, வேலியோரம் எருக்கலையும் நிறைய. விலை கொடுத்துப் பருத்தி வாங்காமல் இவற்றின் பஞ்சில் நூற்க முடியாதா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: தனியாக முடியாது. பருத்தி இழை காயினுள் இருக்கும்போது உருண்டையான குழாய். காய் வெடித்து உலரும்போது குழாய் அமுங்கி, நாடாவைப் போலத் தட்டையாகி, தன்னைத்தானே பல இடங்களில் திருகிக்கொள்கிறது. அந்தத் திருகல்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்வதால்தான் முறுக்கு நிலைக்கிறது. இலவம் பஞ்சின் இழையோ உலர்ந்த பின்னும் காற்று நிரம்பிய உருண்டைக் குழாயாகவே நின்று, மெழுகுப் பூச்சோடு வழுவழுத்து, மடக்கினால் ஒடியக்கூடியதாகவும் இருக்கும். தலையணைக்கும், நீரில் மிதக்கும் உயிர்காப்பு அங்கிக்கும் அது ஏற்றதாக இருந்ததற்கும் நூலுக்கு ஏலாததற்கும் காரணம் ஒன்றே. இலவு காத்த கிளி பழத்துக்குத்தான் ஏமாந்தது. நூற்கிறவரும் அதே கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எருக்கலம் பஞ்சின் குணமும் ஏறக்குறைய இதுவே.

ஆனால் பருத்தியோடு கலக்கலாம். மூன்று பங்கு பருத்திக்கு ஒரு பங்கு இலவம் பஞ்சு என்று தொடங்கினால் இலேசான, மினுக்கமுள்ள நூல் வரும். பன்னும்போது, அதாவது பஞ்சைப் பிரித்து மென்மையாக்கும்போது, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்; அந்தத் தூசு இருமலைக் கிளப்பும். எருக்கலையில் நூலுக்கு உண்மையாகப் பெறுமதியானது பஞ்சு அன்று, தண்டின் பட்டையில் இருக்கும் நார். தூண்டில் கயிற்றுக்கும் வில் நாணுக்கும் பயன்பட்ட உறுதியான நார் அது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செம்மறி மயிரில் நூற்கலாமா? இருபது ஆடுகள் இருக்கின்றன.
— வாசகர், தீவகம்

பதில்: நம் ஊர்ச் செம்மறி இறைச்சிக்காக வளர்க்கப்படுவது. அதன் உடலில் இருப்பது நேரான மயிர். குளிர்நாட்டு ஆட்டின் சுருண்ட கம்பளி அன்று. கயிறு திரிக்கலாம், நூல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பருத்தித்துறை என்று பெயர் வைத்துக்கொண்டு பஞ்சை வெளியிலிருந்து வாங்குவது வெட்கமாக இருக்கிறது. வீட்டில் பருத்தி நடலாமா? நட்டால் பஞ்சாக்குவது எப்படி?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: நடலாம். பருத்திச் செடி வெண்டிக்கும் செவ்வரத்தைக்கும் உறவு. வெண்டி வளரும் வெயிலும் வடிகாலும் இருந்தால் பருத்தியும் வளரும், வெண்டியைத் தேடி வரும் பூச்சிகளும் சேர்ந்தே வரும். (இந்தியச் சஞ்சிகைகளில் ‘செம்பருத்தி’ என்று படித்தால் அது நம் செவ்வரத்தையாக இருக்கலாம், சிவந்த பூப் பூக்கும் மரப்பருத்தியாகவும் இருக்கலாம், விதை வாங்கும்போது கேட்டுத் தெளியுங்கள்.) விதைத்து இரண்டு மாதங்களில் பூக்கத் தொடங்கும், பூத்த பின் காய் வெடிக்க ஏழு வாரம் அளவில் ஆகும். வெடித்த காய் மழையில் நனைந்தால் பஞ்சு கறுத்துவிடும் என்பதால், மாரி ஓய்ந்த பின் காய் வெடிக்கும்படி காலத்தைக் கணக்கிட்டு விதைப்பது நல்லது.

பறித்ததை வெயிலில் உலர்த்துங்கள். உலர்ந்தால்தான் கொட்டை இலகுவாகப் பிரியும். மட்டமான பலகையில் ஒரு பிடியை வைத்து, பென்சில் தடிப்புள்ள இரும்புக் கம்பியால் அழுத்தி முன்னோக்கி உருட்டினால் கொட்டை முன்னே துள்ளி விழும், பஞ்சு பின்னே தங்கும். பறித்த நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சாக மிஞ்சும். அதைப் பன்னுவதற்கு முன்னாளில் வில் இருந்தது. நாண் அதிரும்போது பஞ்சு பூவாக எழும்பும். வில் இல்லாதவர்கள், நாய்க்கு மயிர் வாரும் கம்பித் தூரிகைகள் இரண்டை வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக வாரலாம். வாரிய மென்படலத்தைப் பென்சில் ஒன்றில் சுற்றிப் பென்சிலை உருவினால் விரல் நீளப் பட்டை கிடைக்கும். பட்டைகளை அமுக்கி அடுக்காதீர்கள். அமுங்கிய பட்டையில் இழைகள் நகர மறுக்கும்.

கேள்வி: நூற்ற நூலில் கொக்கிப் பின்னல் போட்டால் துண்டு முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து கோணுகிறது. நூலும் கையில் எடுத்தவுடன் சுருண்டுகொள்கிறது.
— வாசகி, மானிப்பாய்

பதில்: ஒற்றைப் புரி நூலில் முறுக்கு முழுவதும் ஒரே திசையில் இருப்பதால் அது பிரிவதற்கு வழி தேடுகிறது. வலஞ்சுழியாக நூற்ற இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்து, கதிரை இடஞ்சுழியாகச் சுழற்றி இருபுரியாக்குங்கள். ஒன்றின் திமிறலை மற்றது தாங்கி நூல் அமைதியடையும். பூணூலின் முப்புரியும் இந்தக் கணக்கே. எவ்வளவு முறுக்குவது என்பதற்கு அளவுகோல் தேவையில்லை. ஒரு முழ இருபுரியை இரு கைகளிலும் பிடித்துத் தளர விடுங்கள். சுருளாமல் ஊஞ்சல் கயிறு போலத் தொங்கினால் போதும்.

பிறகு நூலைக் கழியாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, சிறிது சலவைச் சோடா சேர்த்த நீரில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். நீர் தேயிலைச் சாயம் போல மாறினால் பயப்பட வேண்டாம். பஞ்சின் மெழுகும் அழுக்கும் வெளியேறுகின்றன. கொதித்து உலர்ந்த நூலில் முறுக்கு நிலைபெற்றுவிடும், சாயமும் பிடிக்கும். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலத்தில் கிண்டி எடுக்கப்பட்ட சாயவேரின் சிவப்புக்குப் பெரிய மதிப்பு இருந்தது. இன்று உங்களுக்குக் கைக்கெட்டியது மஞ்சள்தான். அது வெயிலில் வெளிறும் என்பதை அறிந்தே தோயுங்கள்.

கேள்வி: பனந்தும்பு, தென்னந்தும்பு, வாழைநார் ஆகியவற்றை இந்தக் கதிரில் நூற்க முடியுமா?
— வாசகர், கைதடி

பதில்: பனந்தும்பு விறைப்பானது, தூரிகைக்கும் விளக்குமாற்றுக்கும் அதன் விறைப்பே விலை. தென்னந்தும்பு கயிறாகத் திரியும், உடுக்கும் நூலாகாது. வாழைநாரை மயிர் போலக் கிழித்து, நனைத்து, முனையோடு முனை சேர்த்துத் தொடையில் உருட்டி நீட்டலாம். அதற்குக் கதிரும் தேவையில்லை. மருள் நாருக்கும் அப்படியே.

கேள்வி: அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு நானே நூற்ற நூலில் நெய்த நாலு முழ வேட்டி கட்ட வேண்டும் என்று வீட்டில் பந்தயம் பிடித்துவிட்டேன். முடியுமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: கணக்குப் பார்ப்போம். வேட்டியின் நீளம் 1.8 மீற்றர், அகலம் 1.2 மீற்றர், சென்ரிமீற்றருக்கு 20 இழை என்று வைத்தால், பாவில் (நீளவாட்டில் ஓடும் நூல்) 2,400 இழைகள், ஒவ்வொன்றும் 1.8 மீற்றர்; அதாவது 4,320 மீற்றர். ஊடைக்கும் (குறுக்கே ஓடும் நூல்) அவ்வளவே. மொத்தம் 8,640 மீற்றர், 20ஆம் நம்பர் நூலாயின் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது) கால் கிலோ அளவு. கழிவு இதில் சேரவில்லை. கதிரில் மணிக்கு 50 மீற்றர் நூற்கும் கை என்றால் 173 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஆறு மாதம். ஆனால் முதல் இரண்டு மாதங்களில் நூற்பது பாவுக்கு உதவாது. பாவு நூல் தறியில் இழுபட்டு உராய்வதால், ஒரே சீராகவும், கஞ்சி போட்டால் தாங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

பந்தயத்தின் சொற்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘நானே நூற்ற நூலில்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், முழுவதும் என்று எழுதவில்லை. பாவுக்கு ஆலை நூலை வாங்கி, ஊடைக்கு மட்டும் உங்கள் நூலைப் போட்டால் வேலை பாதியாகும். ஊடையில் சில இடங்கள் தடித்தாலும் துணி கெடாது. அதற்கு முன், மரச்சட்டத்தில் ஆணி அடித்து 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு கைக்குட்டையை நெய்து பாருங்கள். சென்ரிமீற்றருக்கு 12 இழை என்றால் ஊடைக்கு 108 மீற்றர்தான் வேண்டும். இரண்டு மூன்று மாலைகளில் நூற்றுவிடலாம்.